பெட்டிக்கு ஒரு ஜெர்மன் பெயர்

ஜனவரி 9, திங்கள்

புது டைரியின் முதல் பக்கத்தில் நல்லதாக ஏதாவது எழுதவேண்டும் என்று ஒன்பது நாள் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சலையே எழுதிவிடுகிறேன்.

கோவை சிட்கோ தொழிற்பேட்டையில் கியர் வெட்டும் ராமானுஜத்திடம் போனேன். அவரிடம் கம்ப்யூட்டர் சொல்படி தானாகக் கடையும் சிஎன்சி லேத் இரண்டு, மூளை செத்துக் கிடக்கின்றன. இரும்பு இன்னும் இருபது வருடம் உழைக்கும். ஆனால் கன்ட்ரோலர் பெட்டி போய்விட்டால், அதைச் செய்த கம்பெனியே ‘அந்த மாடலை நிறுத்திவிட்டோம்’ என்று கையை விரித்துவிடும். அந்த இடத்தில்தான் நானும் ஷாஜிதாவும் நுழைகிறோம். உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று வெளியிட்ட மென்பொருளை ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரில் ஏற்றி லேத்தை ஓட்டிக் காட்டுகிறோம். எங்கள் ஷெட்டில் ஒரு லேத் பதினான்கு மாதமாக ஓடுகிறது. வெளியே ஒன்றுகூட இல்லை.

ராமானுஜம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாங்கள் அச்சடித்த நோட்டீசைச் சத்தமாக வாசித்தார். “கட்டற்ற மென்பொருளில் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி.” கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏனுங்க, கட்டு இல்லாததுன்னு நீங்களே அச்சடிச்சுக் குடுக்கறீங்களே. போன வருசம் ஒரு மெஷின் கட்டுக்கடங்காம போயி டூலை ஒடச்சுப் போட்டுருச்சு. இன்னொண்ணு வேணுங்களா எனக்கு?”

பக்கத்தில் நின்ற ஆபரேட்டர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜனவரி 11, புதன்

ஷாஜிதாவிடம் சண்டை. அவள்தான் அந்தச் சொல்லைப் போட்டவள். “சரியான சொல் அதுதாண்ணா. எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்பட்டது இல்லைன்னு அர்த்தம்” என்கிறாள். அர்த்தம் எனக்குத் தெரியும், லேத் வைத்திருப்பவருக்குத் தெரியவேண்டுமே.

முன்பு இருவரும் ஒரு பெரிய கன்ட்ரோலர் கம்பெனியில் சர்வீஸ் எஞ்சினியர்கள். அங்கே எனக்குக் கீழே வேலை பார்த்தவள். நிரலைப் படிப்பதில் இப்போது அவளுக்கு நான் பத்து வருடம் ஜூனியர். விற்பது என் வேலை. அது எனக்கு வரும் என்று இருவருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

நோட்டீசை மாற்றி அச்சடித்தேன். ‘திறந்த மூல மென்பொருள்.’

ஜனவரி 19, வியாழன்

பொங்கலுக்குப் பிறகு முதல் நாள் அலைச்சல். கணபதியில் ஒருவர்: “தெறந்து வெச்சா எம்பட டிராயிங் எல்லாம் வெளிய போயிருமில்லீங்க?” டிராயிங் உள்ளேதான் இருக்கும், நிரல்தான் திறந்தது என்று அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில், “சரிங்க, பூட்டுப் போட்ட மாடல் வந்தா சொல்லுங்க” என்றார்.

பீளமேட்டில் இன்னொருவர்: “இந்த சாஃப்ட்வேரை இன்டர்நெட்டுல சும்மாவே எடுத்துக்கலாமுங்களா? சும்மா குடுக்கறதுல என்ன இருக்கப் போவுது?”

அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன். சிறுவாணித் தண்ணீர் எட்டு நாளாக வரவில்லை என்று வீட்டிலிருந்து மனைவி லதா போன் செய்தாள். தண்ணீர் லாரிக்குச் சொன்னேன். அதுவாவது உடனே நடந்தது.

ஜனவரி 30, திங்கள்

ஷாஜிதாவுக்குப் பெங்களூரிலிருந்து வேலை வந்திருக்கிறது. தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஏப்ரல் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டுமாம். “நம்ம வேலைய நிறுத்தணும்னு எனக்கு ஆசை இல்லண்ணா. ஒரே ஒரு பட்டறைக்காரர் நம்பி வாங்கிட்டாப் போதும், அந்த வேலை வேண்டாம்னு எழுதிருவேன்.”

அவள் போனால் எல்லாம் முடிந்தது. நிரலில் ஒரு எழுத்து பிசகினால்கூட என்னால் தனியாகச் சரிசெய்ய முடியாது. அவளிடம், “மூணு மாசம் நெறைய இருக்கு, பாத்துக்கலாம்” என்றேன்.

பிப்ரவரி 6, திங்கள்

கணபதியில் பொன்னுசாமி அண்ணன் பட்டறை. பம்ப் ஷாஃப்ட் கடைபவர். ஒன்பது லேத். எல்லாம் ஒரே வயது, ஒவ்வொன்றாக மூளை போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாம் நம்பர் இரண்டு மாதமாக நிற்கிறது. இவர் ஒருவர் ‘சரி’ சொன்னால் மிச்சம் எட்டும் வரும்.

நோட்டீசைக் கையில் வாங்கவே இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார். “எந்த நாட்டுதுங்க?”

இந்த ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஜப்பானா, ஜெர்மனியா, தைவானா. எந்த நாட்டுடையதும் இல்லை, எல்லா நாட்டுக்காரர்களும் எழுதியது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். வாய்வரை வந்தது. அப்புறம் எப்படியோ, “ஜெர்மன் டெக்னாலஜிங்கண்ணா” என்றேன்.

முழுப் பொய் இல்லை. எழுதியவர்களில் ஒருவன் ஜெர்மனியில்தான் இருக்கிறான்.

அவர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார். இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் ஒரு பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

பிப்ரவரி 9, வியாழன்

காந்திபுரத்தில் ஸ்டிக்கர் அடித்தேன். நீலத்தில் வெள்ளை எழுத்து, ‘ராங்ஃபெல்ட்’. ரங்கராஜ் என்கிற என் பெயரில் பாதி இருக்கிறதே, அதனால் இதுவும் முழுப் பொய் இல்லை. கம்ப்யூட்டரை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆன் செய்ததும் மென்பொருளின் உண்மைப் பெயரும் எழுதியவர்களின் பட்டியலும் வரும் திரைக்குப் பதிலாக அந்த நீல ஸ்டிக்கரின் படமே வரும்படி செய்தேன். கையேட்டிலிருந்தும் அந்தப் பெயர் இருந்த பக்கங்களை எடுத்துவிட்டேன். ஏழெட்டுப் பக்கம். யாரும் படிக்காத பக்கங்கள்தான்.

ஷாஜிதாவிடம் சொல்லவேண்டும். நாளைக்கு.

பிப்ரவரி 15, புதன்

மூன்றாம் நம்பரில் பொருத்தியாகிவிட்டது. பொன்னுசாமி அண்ணன் தேங்காய் உடைத்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். சரியாக ஸ்டிக்கருக்கு மேல்.

மெஷினை ஓட்டப்போவது ஆரோக்கியசாமி. இருபத்திரண்டு வருடமாக அந்த லேத்தில் நிற்பவர், அதிகம் பேசாதவர். முதல் ஷாஃப்ட் முடியும்வரை மெஷினை நிறுத்தும் சிவப்பு பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. முடிந்ததும் மைக்ரோமீட்டரில் பிடித்து அளவு பார்த்தார்.

“எப்படிங்க இருக்கு?”

“இன்னும் பழகலீங்க” என்றார். இந்த ஆளை எப்படித்தான் திருப்திப்படுத்துவது என்று தெரியவில்லை.

ஷாஜிதா பட்டறைக்கு வருகிறேன் என்றாள். ஒரே தூசு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

கடைவாய்ப் பல் வலி. சாப்பிட முடியவில்லை. ஷாஜிதாவிடம் இன்னும் சொல்லவில்லை. வலியோடு அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

மார்ச் 4, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று.

மார்ச் 9, வியாழன்

ஷாஜிதா இன்று ரொம்ப உற்சாகமாக இருந்தாள். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே கோயம்புத்தூரிலிருந்து யாரோ கேள்வி கேட்டிருக்கிறார்களாம். தமிழிலேயே.

“லேத்துல அளவு திருத்தம் போட்டா ரெண்டு மடங்கா சீவுதுன்னு கேட்டிருக்காங்கண்ணா. நம்ம ஊரு ஆபரேட்டருங்க எப்பவும் விட்டக் கணக்குலதான திருத்தம் போடுவாங்க? இருபது மைக்ரான் தடிச்சிருந்தா இருபதுன்னே அடிப்பாங்க. இது ஆரக் கணக்குல எடுத்துக்கும். ரெண்டு பக்கமும் இருபது இருபதா நாப்பது போயிரும். பாதி போடுங்கன்னு பதில் எழுதினேன். நம்மளத் தவிர இங்க வேற யாரோ இத வெச்சு ஓட்டறாங்கண்ணா!”

அவளுக்குச் சந்தோஷம். எனக்கு அப்படி இல்லை. இந்த ஊரில் இன்னொருத்தன் கிளம்பிவிட்டானா? அவன் பொன்னுசாமி அண்ணனிடம் போவதற்குள் முடித்தாகவேண்டும்.

மார்ச் 18, சனி

மூன்றாம் நம்பர் நன்றாக ஓடுகிறது. ஷாஃப்ட் எல்லாம் அளவுக்குள். ஆரோக்கியசாமி மெஷின் கதவின் உள்பக்கம் சாக்பீஸில் ‘பாதி’ என்று எழுதி வைத்திருக்கிறார். என்ன என்று கேட்டேன். “எனக்கு ஒரு ஞாபகத்துக்குங்க” என்றார். ஆபரேட்டர்கள் கதவில் என்னென்னவோ கிறுக்குவார்கள். பாதி ஷிஃப்டில் டூல் மாற்றுவதற்காக இருக்கும்.

பொன்னுசாமி அண்ணன் தட்டிக் கொடுத்தார். “ஜெர்மன்னா ஜெர்மன்தானுங்க. ஏப்ரல் கடைசிக்குள்ள எட்டுக்கும் சொல்லிர்றேன்.” ஷாஜிதாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எட்டு என்பதை மட்டும் சொன்னேன்.

மார்ச் 27, திங்கள்

நோன்பு ஆரம்பித்து நான்கு நாள். ஷாஜிதா எச்சில்கூட விழுங்காமல் உட்கார்ந்து, எட்டுப் பெட்டிகளுக்கும் வயரிங் படம் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்னால் அவள் முன்னால் டீ குடிக்கவும் முடியவில்லை, நிமிர்ந்து பேசவும் முடியவில்லை.

ஏப்ரல் 8, சனி

நாசம்.

ஈஸ்டருக்காக ஆரோக்கியசாமி வியாழக்கிழமையிலிருந்து லீவ். அவர் இடத்தில் முருகவேல் என்பவர் நின்றார். நாற்பது வயது, நிதானமானவர், ஐந்தாம் நம்பரை ஓட்டுபவர். இன்று காலை பொன்னுசாமி அண்ணன் போன். போனேன். நாற்பத்து மூன்று ஷாஃப்ட் ரிஜெக்ட். ஒரு தட்டில் தடித்தவை, இன்னொரு தட்டில் மெலிந்தவை.

முருகவேல் அழாத குறைதான். “இருபது தடிச்சிருந்துதுங்க, இருபது அடிச்சேன். அடுத்தது இருபது மெலிஞ்சு வருதுங்க. திருப்பி அடிச்சா தடிக்குது. அடிக்க அடிக்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாவுதுங்க.”

அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஷாஜிதா அன்றைக்குச் சொன்ன ஆர, விட்டக் கணக்கு விவரம் கையேட்டில் இருந்தது. நான் எடுத்த பக்கங்களில் ஒன்றில்.

“மெஷின் தப்பா, ஆள் தப்பா? அத மட்டும் சொல்லுங்க” என்றார் பொன்னுசாமி அண்ணன்.

“கையாள்ற முறையில ஒரு சின்ன வித்தியாசம்ணா” என்றேன்.

“அப்ப ஆள் தப்பு.”

நான் வாயைத் திறக்கவில்லை. ‘ஆமாம்’ என்று நான் சொல்லவில்லை, அதை இங்கே எழுதி வைக்கிறேன். முருகவேலை அப்போதே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். இனிமேல் வரவேண்டாமாம். அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனார்.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஆர்டர் வந்ததும் முருகவேலைப் பற்றிப் பேசித் திரும்ப எடுக்கச் சொல்லலாம். இப்போது பேசினால் ஆர்டரும் போகும், அவர் வேலையும் திரும்ப வராது. லதா, “ஏன் சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?” என்றாள். பல் பிடுங்கிய இடம் வலிக்கிறது என்றேன். அது எப்போதோ ஆறிவிட்டது.

ஏப்ரல் 12, புதன்

ஆரோக்கியசாமி எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார். நல்ல வேளை, ஷாஜிதா இல்லை. நின்றுகொண்டே பேசினார்.

“தப்பு என்துங்க. பாதி போடோணும்னு முருகவேலுகிட்ட சொல்லாம போயிட்டேன். எம்மேல சொல்லுங்க. அவன் புள்ளைக்குட்டிக்காரன்.”

“பாதின்னு உங்களுக்கு யார் சொன்னது?”

அவர் போனை எடுத்துக் காட்டினார். மெஷினை ஆன் செய்யும்போது என் நீலப் படம் வருவதற்கு ஒரு நொடி முன்னால், பழைய திரை ஓடி மறைகிறதாம். இரண்டாவது வாரமே அதைப் போட்டோ பிடித்திருக்கிறார். அதிலிருந்த பெயரைப் பார்த்து அவர் மகள் முழுக் கையேட்டையும் இறக்கிக் கொடுத்திருக்கிறாள். இணையத்தில் தமிழில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள்தான். அடியில் பதில் எழுதியிருப்பது ஷாஜிதா.

நான் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்த எதிராளி இவர்தான்.

“ஜெர்மன் இல்லைன்னு தெரிஞ்சும் ஏங்க யார்கிட்டயும் சொல்லல?”

“மொதல்ல பயமாத்தான் இருந்துதுங்க. படிச்சுப் பாத்ததுக்கப்பறம் பயம் போயிருச்சு. பழைய பெட்டி இருபது வருசமா என்ன நெனைக்குதுன்னே எனக்குத் தெரியாது. இது எதுக்கு என்ன பண்ணுதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. முதலாளிகிட்ட சொன்னாக் கழட்டிருவாரு. அதான் சொல்லலீங்க.”

ஒன்றரை வருடமாக நான் பட்டறை பட்டறையாகத் தொண்டை கிழியச் சொன்னது இதைத்தான். கேட்க ஆள் இல்லை என்று நான் மூடி ஒட்டிய பிறகு, ஒருவர் தானாகப் பிரித்துப் படித்திருக்கிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 13, வியாழன்

ஷாஜிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர், திரை, பக்கங்கள், முருகவேல்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். “எழுதினவங்க நம்மகிட்ட காசு கேக்கல, எதுவுமே கேக்கல. பேரை மறைக்காதீங்க, வாங்கறவங்களுக்கும் நிரலைக் குடுங்கன்னுதான் கேட்டாங்க. அதக்கூட நம்மால செய்ய முடியல, இல்லண்ணா?” என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் திரும்பி, “முருகவேல் எங்க இருக்காரு?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இதுவரை விசாரிக்கவே இல்லை.

ஏப்ரல் 15, சனி

சித்திரைப் பிறப்புக்கு மறுநாள். பட்டறைக்குப் போய், மூன்றாம் நம்பர் பக்கத்திலேயே நின்று பொன்னுசாமி அண்ணனிடம் சொன்னேன். ஜெர்மன் இல்லை. ராங்ஃபெல்ட் என்று ஒரு கம்பெனியே இல்லை. மென்பொருள் எல்லாருக்கும் பொதுவானது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் சர்வீஸ் செய்யலாம். முருகவேல்மேல் ஒரு தப்பும் இல்லை, சொல்லித்தராதது நான்.

நீளமாகத்தான் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆரோக்கியசாமியைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“தெரியுங்க.”

“எப்ப இருந்து?”

“ரெண்டாவது வாரத்துலிருந்துங்க.”

“ஏன்டா சொல்லல?”

“மெஷின் எப்படி ஓடுதுன்னு கேட்டீங்க. நல்லா ஓடுதுன்னேன். அது நெசந்தானுங்க.”

“இப்ப சொல்லு. இதக் கழட்டட்டுமா?”

“வேண்டாமுங்க. மிச்சத்துக்கும் இதையே போடுங்க.”

பொன்னுசாமி அண்ணன் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பக்கத்து மெஷின்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனசு வெட்கமில்லாமல் எட்டு, எட்டு என்று அடித்துக்கொண்டது.

“சரி, மெஷின் இருக்கட்டும்” என்றார். “எட்டுக்கும் இதையே போட்டுக்கறேன். முருகவேலுவை நானே போய்க் கூட்டியாறேன்.” அப்புறம் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. “நீங்க வேண்டாமுங்க. யாரு வேணா சர்வீஸ் பண்ணலாம்னு சொன்னீங்கல்ல? அப்ப உங்களத்தான் கூப்பிடோணும்னு இல்லையே.”

ஏப்ரல் 17, திங்கள்

ஆரோக்கியசாமி தன் மகளை இணையத்தில் கேட்கச் சொல்லி ஷாஜிதாவின் எண்ணை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பொன்னுசாமி அண்ணன் அவளோடு முக்கால் மணி நேரம் பேசி, எட்டையும் அவளிடமே ஒப்படைத்தாராம். கட்டற்ற என்றால் என்ன என்றும் கேட்டாராம். எனக்கு லதா சொல்லித்தான் தெரியும். ஷாஜிதா லதாவுக்குத்தான் போன் செய்திருக்கிறாள்.

பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாளாம். நான் கேட்டது எல்லாமே நடந்துவிட்டது. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஏப்ரல் 29, சனி

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம். காலையில் ஷாஜிதா போன் செய்தாள், பதினாறு நாளைக்கு அப்புறம். முதல் இரண்டு பெட்டி தயாராம். ஷெட்டிலிருந்து பட்டறைக்கு ஏற்றிப்போக ஒரு வண்டி வேண்டும். பெட்டிகளைப் பிடித்துக்கொள்ளப் பழகிய கை வேண்டும்.

“வாசல் வரைக்கும் வாங்கண்ணா. உள்ள வேண்டாம்னு அவர் சொல்லியிருக்காரு.”

“சரிம்மா.”

ஆட்டோவில் ஷாஜிதா முன்னால் ஏறிக்கொள்ள, நான் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன். பெட்டிகளில் பூட்டு இல்லை. முன்பக்கம் மென்பொருளின் சொந்தப் பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் எழுதியவர்கள் பெயர்கள், நாடு வாரியாக. கடைசியில் ‘இந்தியா’ என்பதன் கீழே ஷாஜிதாவின் பெயர். விட்டக் கணக்கிலேயே திருத்தம் போடும்படி அவள் மாற்றி எழுதிய பகுதியை மென்பொருளை எழுதுகிறவர்கள் சேர்த்துக்கொண்டார்களாம். அதை நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். கேட்காமல் அவள் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

வாசலில் முருகவேல் வந்து ஒரு பக்கம் பிடித்தார். நான் மறுபக்கம். “பாத்துங்க, விரல்” என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் என் பக்கத்தை இன்னொருவர் வாங்கிக்கொள்ள, பெட்டி உள்ளே போய்விட்டது.

ஷாஜிதாவும் உள்ளே போனாள், நான் எதிர்ப்புறம் புங்க மரத்தடியில் நின்றேன். பதினொன்றரை மணிக்கு லேத் ஓடத் தொடங்கியது. வெட்டும் சத்தம் ஒரே சீராக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்லிவிடலாம், அளவு சரியாக இருக்கிறது. உள்ளே யாரோ கை தட்டினார்கள். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. ஷாஜிதா வெளியே வரும்வரை ஆட்டோக்காரரைக் காத்திருக்கச் சொன்னேன்.